கூப்பிடாத மார்க்கெட்

பிள்ளைகளே, பேரணாம்பட்டு பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒருவர் தோல் தரகர். அவர் தன்னிடமிருந்த கம்பெனி ஷேரைச் செல்போனில் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் குமார்.

“இவன் மூஞ்சியே காட்டமாட்றான் குமாரு, எப்படி பேரம் பேசறது?” என்றார் தரகர்.

“பேரம்லாம் இல்ல பாய். வாங்கறவன் இருநூத்திப் பன்னெண்டு சொல்றான், விக்கிறவன் பதிமூணு சொல்றான். நீங்க பன்னெண்டுன்னு போடுங்க, ஷேர் உடனே போய்டும்.”

“நான் இருநூத்தி இருபது போட்டுக்கீறேன்.”

“இன்னாத்துக்கு?”

“அவன் ஏறி வருவான், நான் எறங்கி வருவேன். சொன்ன வெலைக்கே ஒத்துக்கினா தோல்ல ஓட்டை கீதுன்னு நெனப்பான்.”

“மூணரைக்கு மூடிடுவாங்க பாய். இன்னிக்கு வித்தாதான் நாளான்னிக்குக் காசு கைக்கு வரும். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு அன்னிக்குத்தான கடைசி நாளு?”

“பேஜார் பண்ணாத. இப்பப் பாரு.” தரகர் செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “எழுந்து போற மாதிரி காட்டினா கூப்டுவான்.”

எனக்கும் அந்த இரண்டு விலை விளங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்றரை தாண்டியதும் போனைத் திறந்தார். மார்க்கெட் மூடியிருந்தது. ஷேர் விற்கவில்லை.

“நாளைக்கு வித்தா ஃபீஸுக்கு ஆவாதா?”

“ஆவாது பாய்.”

தரகர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷமா தோல் விக்கிறேன் குமாரு. ஒருத்தன்கூட என்னைக் கூப்டாம வுட்டதில்ல.”