பத்துப் பிறந்தநாள்கள்

கணினி சூடாவதற்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். பதினாறு வருடமாகப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பத்துப் பெட்டிகளைத் திறந்தால் எட்டில் விசிறி தெரியாத அளவுக்குத் தூசி அடைந்திருக்கும். அதைத் துடைத்து, சிப்பின் மேல் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினால் சரியாகிவிடும். ஆனால் கை வைக்கும் முன் உள்ளே இருப்பதையெல்லாம் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் நான் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் ஐயா, என் அக்கா புருஷனுடைய கணினி விஷயத்தில் கவனக்குறைவு என்று நீங்கள் எழுத வேண்டாம். நான் கவனமாகத்தான் செய்தேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எனக்குத் தலை வாரியது, கணக்குச் சொல்லிக்கொடுத்தது, முதல் சம்பளம் வரும்வரை சட்டை வாங்கித் தந்தது எல்லாம் அவள்தான். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். உட்கார முடிந்த நாட்களில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, மருந்து பாட்டில்களின் மேல் ஃபோனைச் சாய்த்து, மகளுக்காகப் பேசிப் பதிவு செய்தாள். ஆறாவது பிறந்தநாளிலிருந்து பதினெட்டாவது வரை, வருடத்துக்கு ஒன்று. அவள் போனபோது குழந்தைக்கு ஐந்து வயது. இப்போது எட்டு. மூன்றைப் பார்த்துவிட்டாள்; பத்து பாக்கி இருந்தது.

அக்கா இறந்தது ஒரு பகல் பொழுதில். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அத்தானுக்கு ஃபோன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். பதினொரு முறை செய்தேன். எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வந்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கயும் போகலப்பா" என்றார். பதினான்கு மாதம் கழித்து, கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை அவளை அம்மா என்று கூப்பிடுகிறது. நான் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். வந்தவர்களுக்குப் பரிமாறினேன்.

போன மாதம் அத்தான் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அனலா கொதிக்குதுப்பா. அஞ்சு நிமிஷத்துல தானா அணைஞ்சு போகுது. பாப்பா வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு."

"வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கீங்களா அத்தான்?"

"இல்ல. ஃபோனும் தண்ணில விழுந்து போச்சு. நீதான் காப்பி எடுத்துத் தரணும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "எடுக்கிறப்ப எல்லாத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாரு. ஒண்ணு விடாம."

கணினியை ஐந்து ஐந்து நிமிடமாக ஓட விட்டு முதலில் நகல் எடுத்தேன், பிறகு தூசியைத் துடைத்தேன். விசிறி சுற்றியது, சூடு தணிந்தது. அவர் சொன்னபடியே ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பதினாறாவது பிறந்தநாளுக்கு அக்கா ஒரு பாட்டுப் பாடியிருந்தாள். பாதியில் இருமல் வந்து, "மீதியை நீ பாடிக்கோடி" என்று சிரித்தாள்.

அவற்றோடு பதினான்காவதாக ஒன்று இருந்தது. அது குழந்தைக்கு அல்ல, அவருக்கு.

"என்னங்க, நான் போற நேரத்துல நீங்க பக்கத்துல இருக்க வேணாம். உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே என்னால போக முடியாது. வெளிய போங்கன்னு நான் சொன்னா போயிடணும். ஃபோனையும் அணைச்சு வைங்க. இல்லன்னா பாதி வழியில திரும்பி ஓடி வந்துடுவீங்க. அப்புறம், பாப்பாவுக்குத் தலை பின்னிவிட ஒருத்தி வேணும். யோசிக்காதீங்க. தம்பிதான் கோவிப்பான். நான் சொன்னேன்னு நீங்களா சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். அவனுக்கு இதைப் போட்டுக் காட்டுங்க."

இரண்டு முறை பார்த்தேன். கடையைச் சாத்திவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்து மூன்றாவது முறையும் பார்த்தேன்.

பிறகு டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும் வேலையைத் தொடங்கினேன். வெறுமனே அழித்தால் மீட்டுவிடலாம். மேலே பூஜ்யம் எழுதிவிட்டால் முடியாது. அது முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்குள் வேறு இரண்டு வாடிக்கையாளர்களின் வேலையை முடித்துக் கொடுத்தேன். நகல் எடுத்த டிஸ்கையும் அப்படியே செய்தேன். கடைசியில் சூடான காற்று அடிக்கும் கருவியால் அவருடைய டிஸ்கின் அடியில் இருக்கும் மின்பலகையைக் கருக்கினேன். வெப்பத்தால் டிஸ்கில் இருப்பது இப்படி அழிந்துபோகாது. ஆனால் சூடு என்று சொன்னால் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

சூட்டில் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னதும் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ பார்த்தியா? அதுக்கு முன்னாடி பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, பதினொரு முறை அடித்த ஃபோனுக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது போல இருந்தது.

அடுத்த வாரம் குழந்தை வந்தது.

"மாமா, ஒன்பதாவது பிறந்தநாள் அம்மா மட்டுமாவது வருவாங்களா?"

"இல்லடா கண்ணு. சூட்டுல போயிடுச்சு."

நம்பிவிட்டாள். நம்பாதவள் அந்தப் புதுப் பெண்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத பிடிவாதம் அவளுக்கு எதற்கு என்று தெரியவில்லை. டிஸ்கை எடுத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் ரயிலில் போய், அழிந்த பதிவுகளை மீட்டுத் தரும் ஓர் இடத்தில் பலகையை மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். உள்ளே பதிவு இருக்கும் தட்டு நன்றாக இருக்கிறது, முழுக்கப் பூஜ்யம், யாரோ வேண்டுமென்றே எழுதியது என்று அங்கே எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் மேஜையில் இருக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. நான்தான் செய்தேன்.

அக்காவே அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும் ஏன் என்று கேட்டீர்கள். வலி மருந்து கொடுத்திருந்தார்கள் ஐயா. மருந்து மயக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது பேசுவார்கள். குழந்தைக்குப் பேசிய பதின்மூன்றிலும் தெளிவாகத்தான் இருந்தாள். அந்த ஒன்றில் மட்டும்தான் அப்படி. என் அக்கா மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதை அவள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.