மேலே போகும் மழை

சியோனே: நிறுத்துங்க அண்ணே... இல்ல, நிறுத்தாதீங்க. பின்னாடி போங்க. விழுந்தவன் எந்திரிக்கிற வரைக்கும்.

ரெனார்ட்: ஏழு தடவை பாத்தாச்சு சியோனே.

சியோனே: எட்டாவது தடவை பாத்தா கண்ணு தேஞ்சிடாது. ஓட்டுங்க.

ரெனார்ட்: இந்தா... பின்னாடி ஓட்டுறப்ப இந்த மழையப் பாரேன். தரையிலருந்து கிளம்பி மேல போகுது.

சியோனே: ஆமா... சேறெல்லாம் சட்டைய விட்டு இறங்கிப் போகுது. விழுந்து கெடந்தவனெல்லாம் ஒவ்வொருத்தனா எந்திரிச்சு நிக்கிறான். சர்ச்சுல கடைசி நாளப் பத்தி சொல்வாங்களே, இப்படித்தான் இருக்கும்போல.

ரெனார்ட்: கடைசி நாள் இன்னைக்குத்தான். நாலு மணிக்கு நம்ம அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல வெச்சுக்கற அம்பத்தி மூணு பேர் லிஸ்ட் போகணும். புதுப் பையன் மேப்ரி உள்ளயா வெளியவான்னு பேசத்தானே என்னைக் கூப்ட்ட? மணி ரெண்டாகுது.

சியோனே: அவசரப்படாதீங்க. இந்த இருட்டு ரூமு நல்லாருக்கு. வெளிய ஆகஸ்ட் வெயில் மண்டையப் பொளக்குது. இங்க சத்தமில்லாத வீடியோ, சத்தமில்லாத மழை... தூக்கம் சொக்குது.

ரெனார்ட்: கோச் தூங்கலாம். ஊர் ஊரா ஆள் பாத்துட்டு வர்ற எங்களுக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல. சூரியகாந்தி விதை வேணுமா?

சியோனே: வேணாம். நீங்க துப்புற கப்பையும் தள்ளி வைங்க. போன வாரம் காபின்னு நெனச்சு ஒரு மடக்கு குடிச்சுட்டேன்.

ரெனார்ட்: அதான் அன்னைக்கு நல்லா கோச்சிங் பண்ணியா?

சியோனே: உங்க வாய் இருக்கே... சரி, முன்னாடி ஓட்டுங்க. மெதுவா. ம்... நாலாவது வாய்ப்பு, அதுதான் கடைசி, எதிர் டீமுக்கு முன்னேற ஒரு கஜம்தான் வேணும். நம்ம பையன், தொண்ணூத்தி நாலாம் நம்பர் சட்டை, கைய சேத்துல ஊனிக் குனியறான். பந்து அசையுது... இப்ப பாருங்க. ரெண்டு பேருக்கு நடுவுல பூந்து வர்றான். முன்னூத்தி இருபது பவுண்டு ஒடம்பு அண்ணே, திரைய விலக்கிட்டு வீட்டுக்குள்ள வர்ற மாதிரி வர்றான். பந்து வெச்சிருந்தவன் அப்படியே மல்லாந்துட்டான்.

ரெனார்ட்: ம்.

சியோனே: ஏப்ரல்ல, காலேஜ் பசங்கள டீமுக்கு எடுக்குற டிராஃப்ட் அன்னைக்கு இதை நீங்க போட்டுக் காட்டுனப்ப, அந்த ரூம்ல இருபது பேரு. ஒருத்தன் மூச்சு விடல. நானும்தான். இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் ஏழாவது ரவுண்டுல அவன எடுத்தோம்.

ரெனார்ட்: எடுத்தோம்.

சியோனே: அப்ப நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பையன் எங்க?

ரெனார்ட்: எந்தப் பையன்?

சியோனே: கார்டெல் மேப்ரி. மிசிசிப்பிலருந்து நீங்க புடிச்சிட்டு வந்த சிங்கம். அஞ்சு வாரமா என் கண்ணு முன்னாடி நிக்கிறான். நிக்கிறான், அவ்வளவுதான். ரெண்டு பேர் சேந்து தள்றாங்க, நிக்கிறான். புடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரின்னு உங்க பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரர் சொல்வாரே, அது மாதிரி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இப்படிப் பொளந்துட்டு வந்தானா?

ரெனார்ட்: நிக்கிறதும் ஒரு வேலைதானப்பா. பதினோரு வருஷம் நீ அந்த வேலைதானே பாத்த? நீ ரெண்டு பேரப் புடிச்சு வெச்சுக்கிட்டதால பின்னாடி இருந்தவனெல்லாம் பந்தப் புடிச்சுப் பேர் வாங்கினான்.

சியோனே: அவனுக்குப் பேரு, எனக்கு முட்டிவலி. பேப்பர்ல என் பேர் வந்ததே இல்ல.

ரெனார்ட்: வந்துச்சே. உன்னை வெளிய அனுப்பின அன்னைக்கு.

சியோனே: ...பின்னாடி ஓட்டுங்க.

ரெனார்ட்: கோவமா?

சியோனே: இல்ல. மழை மேல போறதப் பாக்கணும்.

ரெனார்ட்: இந்தா.

சியோனே: தினமும் அவன்கிட்ட சொல்றேன் அண்ணே. கார்டெல், அந்த மழை ஆட்டத்துல ஒண்ணு செஞ்சியே, அது மாதிரி செய்யுடா. சரிங்க கோச்ங்கிறான். கண்ணக் கீழ போட்டுக்குவான். போயி மறுபடியும் நிப்பான். எனக்குக் கோவம் வரணும்... வரமாட்டேங்குது. அந்த மூஞ்சியப் பாத்தா வராது.

ரெனார்ட்: நல்ல பையன்.

சியோனே: நல்ல பையன்தான், யாரு இல்லன்னா. பெரிய ஆட்டக்காரனுங்க ஹெல்மெட்டெல்லாம் கேக்காமலே தூக்கிட்டு வருவான், ஒவ்வொரு கையிலயும் நாலு. புதுசா வந்தவன் சேர் மேல ஏறிப் பாடணும்ல, சாப்பாட்டு ஹால்ல? ஏறினா சேர் ஒடைஞ்சிடும்னு தரையிலயே நின்னு பாடினான். அவங்க ஊரு சர்ச் பாட்டு. பன்னு வீசுறதுக்குத் தயாரா இருந்தானுங்க. வீசல. கையில வெச்சுக்கிட்டே கேட்டானுங்க. நான் ஜன்னல் பக்கம் பாத்துட்டு இருந்தேன்... ஏரி அன்னைக்கு ஒரு மாதிரி வெள்ளையா கெடந்துச்சு. எங்க இருக்கேன்னே தெரியல.

ரெனார்ட்: அதுக்கெல்லாம் மார்க் கெடையாதா?

சியோனே: பாட்டுக்கு மார்க் போட எடம் விடல அண்ணே அந்தத் தாள்ல.

ரெனார்ட்: சியோனே, நேரடியாவே சொல்றேன். அவன வெளிய அனுப்பினா அவனுக்கு வேற எடம் கெடையாது. இங்க வேணாம்னுட்டா இனி பந்து பக்கம் தலவெச்சுப் படுக்கமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கான். கோழி வெட்டுற ஃபேக்டரியில அம்மாவுக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியா இருக்காம். அந்தக் குளிர்ல எட்டு மணி நேரம் நிப்பான். நல்லா நிப்பான். அதான் எனக்குத் தாங்கல. காலையில அவனுக்காக சீஸ் பொரிச்சது ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தேன். ஆளையே காணோம். எங்க இருக்கான்?

சியோனே: ரூம்ல படுத்திருப்பான்.

ரெனார்ட்: லிஸ்ட் நாள்லயா? இன்னைக்கு எவனுக்குத் தூக்கம் வரும்?

சியோனே: அண்ணே, வீடியோவ ஓட்டுங்க.

ரெனார்ட்: சரி. ஒரு காரியம் பண்ணு. தொண்ணூத்தி நால விட்டுடு. அவனப் பாக்காத. சாய்ஞ்சு உக்காந்து மொத்தமாப் பாரு, ஏரியப் பாத்தியே அது மாதிரி. ரெண்டாவது பாதி முழுக்கப் போடறேன்.

சியோனே: பாக்குறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் ஒரே சேறு. முதுகுல நம்பர் இல்லன்னா அம்மாவுக்கே புள்ள தெரியாது.

ரெனார்ட்: பாரு.

சியோனே: ம்... ம்... நிறுத்துங்க. இது யாரு?

ரெனார்ட்: எது?

சியோனே: தொண்ணூத்தி ஒண்ணு. தொண்ணூத்தி நாலுக்குப் பக்கத்துல. திரும்பப் போடுங்க... பாத்தீங்களா? ரெண்டு பேர் மேல விழறாங்க. அவன் இடுப்பு எறங்குது, அவ்வளவுதான். ஒரு அங்குலம் போகல. அடுத்தது போடுங்க... மறுபடியும் ரெண்டு பேர். அடுத்தது... மூணு. மூணு பேர் அண்ணே. பின்னாடியிருந்து ஒருத்தன் ஓடி வந்து முட்டறான். அசையல.

ரெனார்ட்: அசையல.

சியோனே: இப்ப அந்த நாலாவது வாய்ப்பப் போடுங்க... மெதுவா... இன்னும் மெதுவா. இதோ. எதிர் டீம்ல நடுவுல நின்னவன் தொண்ணூத்தி நாலப் பாக்கவே இல்ல. தொண்ணூத்தி ஒண்ணுக்குப் பயந்து அந்தப் பக்கம் திரும்பிட்டான். வாசல் தொறந்து கெடக்கு. தொண்ணூத்தி நாலு ஒண்ணும் பொளக்கல அண்ணே, தொறந்த வாசல்ல நடந்து வந்தான். எட்டுத் தடவை பாத்தேன், ஏப்ரல்ல நூறு தடவை பாத்தேன்... எனக்குக் கண்ணு எங்க போச்சு? நானே இருவது வருஷம் முன்னாடி இந்தத் தொண்ணூத்தி ஒண்ணுதானே.

ரெனார்ட்: பளபளன்னு இருக்கிற பக்கந்தான் கண்ணு போகும். எல்லாருக்கும் அப்படித்தான்.

சியோனே: அண்ணே... நாம தப்பான ஆளை எடுத்துட்டோம்.

ரெனார்ட்: அப்படியா?

சியோனே: என்ன அப்படியா? முப்பது வருஷமா இதே வேலையா அலையிறீங்க, இவன் உங்க கண்ணுல படலயா? இவன் பேரென்ன? எந்த டீம்ல இருக்கான்?

ரெனார்ட்: இவன வெச்சுக்குவியா?

சியோனே: வெச்சுக்குவனாவா? அம்பத்தி மூணுல ஒரு எடம் இவனுக்கு. மேல போயி நானே சண்டை போடுவேன். எங்கம்மா மேல சத்தியம். பேரச் சொல்லுங்க, இப்பவே கூப்புடறேன்.

ரெனார்ட்: கூப்புட வேணாம். ரூமுக்குப் போயி எழுப்பு.

சியோனே: யார?

ரெனார்ட்: கார்டெல் மேப்ரிய. தொண்ணூத்தி ஒண்ணு போட்டிருக்கறது அவன்தான்.

சியோனே: ...அவன் நம்பர் தொண்ணூத்தி நாலு.

ரெனார்ட்: முதல் பாதியில. பாதி ஆட்டத்துல எல்லாரும் நனைஞ்ச சட்டையக் கழட்டிப் போட்டானுங்க. சட்டை பாக்குற கெழவன் மெஷின்ல உலத்திக் குடுத்தான். இவனும் டாலிவர்னு ஒரு பையனும் ஒரே அளவு. மாத்திக் குடுத்துட்டான். இருட்டு, மழை, முகத்துல ஹெல்மெட் கம்பி. பசங்களே அடுத்த நாள்தான் கவனிச்சானுங்க. நம்ம தொழில்ல முகம் ஏது? நம்பர்தானே. நானும் நம்பரப் பாத்துத்தான் எழுதினேன்.

சியோனே: உங்களுக்கு எப்பத் தெரியும்?

ரெனார்ட்: டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்னாடி. அவங்க ஊருக்குப் போயிருந்தேன். அந்த ஆட்டத்தப் புகழ்ந்தேன். ‘ஐயா, அது நான் இல்ல, டாலிவர்’னான். அவனா சொன்னான், எவனும் கேக்கல. ராத்திரி மோட்டல்ல உக்காந்து தொண்ணூத்தி ஒண்ண மட்டும் பாத்தேன். இப்ப நீ உக்காந்திருக்கியே, அதே மாதிரி.

சியோனே: அப்ப அந்த ரூம்ல...

ரெனார்ட்: பொய் சொன்னேன். டாலிவர் செஞ்சதப் போட்டு மேப்ரின்னு சொன்னேன். ஒருத்தன் நல்லா நிக்கிறான்னு சொன்னா யார் அவன எடுப்பா? உண்மையச் சொன்னா என் அறிக்கையத் தூக்கி எறிவாங்க, கூடவே என்னையும். பையன்கிட்ட வாயத் தொறக்காதன்னு சொன்னேன். யார் கேட்டாலும் சரிங்கன்னு சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்னேன். நீ தினமும் அதக் கேட்டு அவனத் தொளைச்சிருக்க, அவன் எனக்காகத் தலையக் குனிஞ்சிருக்கான். எனக்கு வெக்கமா இருக்கு சியோனே. நீயாப் பாத்துக் கண்டுபுடிப்பன்னு நம்பினேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. எந்திரி. என்ன, இன்னும் உக்காந்திருக்க? போயி அவன எழுப்புப்பா.

சியோனே: அந்த ரூம்ல யாரும் இல்ல அண்ணே. காலையில ஏழு மணிக்கே, ஆட்டத் திட்டமெல்லாம் இருக்கிற பிளேபுக்க எடுத்துட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன். அப்படிக் கூப்ட்டா வெளிய அனுப்பறாங்கன்னு அர்த்தம், அது அவனுக்கும் தெரியும். புத்தகத்த மேசை மேல வெச்சுட்டு எனக்குக் கை குடுத்தான். ரெனார்ட் ஐயாவுக்கு என் நன்றியச் சொல்லுங்க கோச்னான், வேற ஒரு வார்த்தை பேசல. ஒம்பது மணிக்கு விமானம் கெளம்பிடுச்சு, அவன நீக்குன தாளும் அப்பவே மேல போயிடுச்சு. நான் செஞ்சது சரின்னு உங்க வாயால கேட்டா மனசு ஆறும்னு நெனச்சுத்தான் உங்களக் கூப்ட்டேன்.