முதலிடத்தில் ஒரு பக்கம்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. வந்து உட்கார்ந்தவர் உடனே எழுந்து ஓடாதபடி ஓரிடத்தை அமைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. இணையதளங்களில் நான் செய்வதும் அதைத்தான்.

விஷமுறிவு உதவி மையத்தின் தளம் என் கைக்கு வந்தபோது பார்க்கச் சகிக்காது. வெள்ளைப் பக்கம், நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு தொலைபேசி நம்பர், அதன் கீழே, "வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்." அவ்வளவுதான். தேடுபொறியில் தேடினால் எங்கோ அடியில் கிடந்தது. "எப்படியாவது மேல கொண்டு வாப்பா" என்றார் மையத்து டாக்டர்.

நோய் எனக்குச் சட்டென்று புரிந்தது. வருகிறவர்கள் நம்பரைப் பார்த்ததும் கூப்பிடப் போய்விடுகிறார்கள். கடைக்கு வந்தவர் வாசலோடு திரும்பினால் சரக்கு சரியில்லை என்றுதானே தேடுபொறி நினைக்கும்? அதனால் நம்பரையும் அந்த வரியையும் பக்கத்தின் அடிக்கு இறக்கினேன். மேலே அழகான படங்கள், விஷங்களின் வகைகள், டாக்டர் பேசும் காணொளி.

கட்டுரை எழுதித் தந்த பெண்ணுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "அண்ணா, கொழந்தை எதையோ குடிச்சிட்டுத் துடிக்கும்போது யாரு இதெல்லாம் உக்காந்து படிப்பாங்க?"

"மொதல்ல வந்தாத்தானே கண்ணுல படுவோம்? அடியில கெடந்தா யாருக்குப் பிரயோஜனம்?" என்றேன். இப்போதும் அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

பக்கம் முதலிடத்துக்கு ஏறியது. மையத்துக்கு அழைப்புகள் குறைந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்திலேயே தங்குகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. டாக்டரிடம் அதைத்தான் காட்டினேன். பயந்தவர்கள் நன்றாகத் தங்குவார்கள், ஐயா. மேலும் கீழும் போவார்கள், தொட்டதையே திரும்பத் தொடுவார்கள். என் திரையில் அது ஆர்வம் போலவே தெரியும்.

வீட்டிலும் பீற்றிக்கொண்டேன். அதுதான் வினை. குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தை அத்தான் ஒரு பழரச பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். அக்காவின் சின்னப் பெண் அதை எடுத்துக் குடித்துவிட்டாள். வாலு என்று கூப்பிடுவேன்; அவள்மேல் எனக்கு உயிர். அக்கா தேடியபோது இரண்டாவதாக வேறொரு மருத்துவமனையின் நம்பர் பளிச்சென்று தெரிந்ததாம். அவள் அதைத் தொடவில்லை.

"நீ செஞ்சதாச்சேன்னு உன் பக்கத்துலயேதான்டா தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். தேடிச் சலித்து, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்கிறாள். உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுட்டது. வாலு பிழைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வந்து தளத்தின் அன்றைய வருகைப் பதிவைத் திறந்தேன். அக்காவின் விரல் போன தடமெல்லாம் அதில் இருந்தது. காணொளி வரை வருகிறாள், மேலே ஓடுகிறாள், மறுபடி வருகிறாள். நம்பருக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டாள். அழுதேன், ஐயா. வாய்விட்டு அழுதேன்.

ஆனால் நம்பரை மேலே ஏற்றவில்லை. ஏற்றினால், வாலுவைக் கொன்றது நான்தான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடாதா? அதனால்தான் அடுத்த மாதம், அதே பக்கத்தில் நம்பரைத் தேடிக்கொண்டிருந்த இன்னொரு வீட்டில், அந்தப் பையனும் செத்தான் என்கிறீர்கள். ஆமாம், அதனால்தான். தெரிந்தேதான் விட்டிருந்தேன்.

இப்போது கட்டுரை எழுதிய அந்தப் பெண்ணே நம்பரை மேலே போட்டுவிட்டாளாம். போடட்டும், நல்ல பெண். உங்கள் கைப்பேசியில் ஒரே ஒருமுறை தேடிச் சொல்லுங்கள், ஐயா. என் பக்கம் எத்தனையாவது இடத்துக்கு இறங்கியிருக்கிறது?