கவ்விக்குள் ஒரு ரப்பர்த் துண்டு

அரை அலை ஆன்டெனாவுக்குத் தரைக்கம்பி, அதாவது எர்த், வேண்டியதில்லை, ஐயா. அதன் இரு பாதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பேச்சு போய்ச்சேர மண்ணின் தயவை அது நாடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிழை என் கணக்கில் இல்லை.

என் தங்கையின் கணவர் இதை ஒப்புக்கொண்டதில்லை. நானும் அவரும் பொழுதுபோக்காக வானொலிக் கருவியில் பேசுகிறவர்கள். மாடியில் அவர் நட்ட கம்பத்திலிருந்து ஒரு செப்புக்கம்பி இறங்கி மண்ணில் புதைந்திருந்தது. வானொலி நண்பர்கள் கூடும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சீண்டுவார்: "மச்சானுக்கு வாய் நீளம், எனக்குக் கம்பி நீளம். யாரு பேச்சு தூரமா போகுதுன்னு நீங்களே சொல்லுங்க." அனைவரும் சிரிப்பர். நானும் சிரித்துவைப்பேன்.

ஒருநாள் தங்கையைப் பார்க்கும் சாக்கில் மாடியேறினேன். கம்பியைக் கம்பத்தோடு பற்றியிருந்த கவ்வியைத் தளர்த்தி, இடையே சைக்கிள் டியூபின் துண்டொன்றைச் செருகி, மீண்டும் முடுக்கினேன். பார்வைக்கு இணைப்பு இணைப்பாகவே இருந்தது. அன்று மாலை அவர் குரல் எள்ளளவும் குன்றாமல் வந்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோரையும் மாடிக்கு அழைத்து, அத்துண்டை உருவிக் காட்டுவதாக இருந்தேன்.

மழை முந்திக்கொண்டது. பிற்பகலில் வானம் கறுத்தபோது அவர் வானொலியில் அழைத்தார்.

"மச்சான், இடி கிட்ட வருது. நீங்க ஆன்டெனாவ கழட்டி வச்சிடுங்க. எனக்கென்ன, எர்த் இருக்கு, நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்."

நான் முன்பே கழற்றிவிட்டுக் கைக்கருவியில்தான் இருந்தேன். மின்னலை இறக்கத் தரைக்கம்பி வேண்டும் என்பது வேறு கணக்கு; அதுவும் எனக்குத் தெரியும். எழுந்து போய்விடுங்கள் என்று ஒரு சொல் போதும். விரல் பொத்தானின்மேல் இருந்தது.

"சத்தம் தெளிவா வருது. பேசுங்க மாப்பிள்ளை," என்றேன்.

"எல்லாம் கம்பியோட மகிமை. இப்பவாவது ஒத்துக்கோங்க, மச்சான்."

அதன்பின் அவர் குரல் வரவில்லை.

"எர்த் இருந்துமா அண்ணா இப்படி ஆச்சு?" என்று தங்கை என் தோளில் சாய்ந்து கேட்டாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். நண்பர்கள் கேட்டுக்கொண்டிருக்கையில் என் கள்ளத்தனத்தை நானே உரைக்க நாணினேன். அந்த நாணமே அவரைக் கொன்றது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிவருகிறேன். ஆனால் முதல் இடி கேட்டதுமே அவர்கள் யாவரும் விடைபெற்றுக் கருவியை அணைத்துவிட்டிருந்தனர், ஐயா. அலைவரிசையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.