உப்பில்லாத அடை

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண், பக்கத்திலிருந்த வயதில் மூத்தவளிடம் சொன்னாள்:

“உப்பளத்துக்காரன் பொண்டாட்டி நான், அக்கா. ஒரு மாசமா உப்பில்லாத அடை திங்கிறேன்.”

“யாருடி சுடறது?”

“அவருதான். எனக்கு உடம்புல சத்தில்ல, புரோட்டீன் வேணும்னு நர்ஸம்மா சொன்னதுலருந்து, பச்சைப்பயறும் கடலைப்பருப்பும் ஊறவெச்சு அவரே அரைச்சு சுடறாரு. உப்பளத்துலருந்து வந்ததும் மாவை விரலால தொட்டு நக்கிப் பாப்பாரு. விரல்லயே உப்பு இருக்குதா, மாவுல சரியா இருக்குதுன்னு நெனச்சுக்கிறாரு.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “உப்பு இல்லன்னு வாயத் தெறந்து சொல்லேன்டி.”

“சொன்னா, நாளையிலருந்து சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் மாவைத் தொடுவாருக்கா. கையெல்லாம் வெடிப்பு. எரியும்.”