இரண்டு கொட்டகைக்கும் வந்த நிவாரணம்

என் குரலைக் கேட்டால் பன்றிகள் அடங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் தம்பி மார்லின் கொட்டகைக்குள் போனால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும். நான் போனால் வந்து காலை முகரும்.

கொரோனா வந்த வசந்தத்தில் அது உதவியாக இருந்தது, ஷெரிஃப். இறைச்சி ஆலையில் ஆட்கள் வரிசையாகப் படுத்துவிட்டார்கள், ஆலையை மூடினார்கள். பன்றிகளோ தின்று பெருத்துக்கொண்டே போயின. வாங்க ஆளில்லை, அடுத்த குட்டிகளை விட இடமில்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நெற்றியில் சுட்டேன். தோட்டா தீர்ந்ததும் இரும்புக் கம்பியை எடுத்தேன். தோள் வீங்கிவிட்டது. குவியலுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்தவற்றையும் இழுத்துப்போட்டு முடித்தேன். அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

மார்லினால் அது முடியவில்லை. தன் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டான். டிரெய்லர் கொண்டுவந்து இலவசமாக ஏற்றிப்போனார்கள். ஆலையில் வேலை போனவர்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். போதகர் ஆராதனையில் அவன் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு அரசாங்கம் பண்ணைகளுக்கு நிவாரணம் அறிவித்தது. அந்த மாதிரி எழுத்து வேலையெல்லாம் இரண்டு பேருக்கும் நான்தான் பார்ப்பேன். இரண்டு கொட்டகைப் பன்றிகளையும் கொன்று புதைத்துவிட்டதாகச் சொன்னேன். அவனுடையவையும் போனவைதானே? பணம் வந்தது. அவனிடம் சொல்லவில்லை. வீணாகச் சங்கடப்படுவான்.

அறுவடை முடிந்து, கொட்டகைக்கு அடியிலுள்ள சாணக்குழியை இறைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை மார்லினும் அவன் மனைவி ஜோலீனும் ஊருக்குள் சாப்பிடப் போயிருந்தார்கள். அங்கே எவனோ கேலி பேசியிருக்கிறான்: “ரெண்டு கொட்டகைக்கும் நிவாரணம் வாங்கிட்டீங்களாமே மார்லின்! அப்ப என் ஃப்ரீசர்ல கெடக்குற பன்னி யாருது? வந்து எழவு விசாரிச்சுட்டுப் போ.” எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஜோலீனை வீட்டில் இறக்கிவிட்டு நேரே குழியருகே வந்தான்.

“நெஜமா, வெர்லின்?”

“குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்.”

“நான் சும்மா குடுத்தத நீ வித்துட்டியே. திங்கக்கெழம நானும் ஜோலீனும் நிவாரணம் குடுத்த ஆபீஸ்ல போய்ச் சொல்லப்போறோம். நீயும் வா. பயப்படாத, நான் கூட நிக்கிறேன்.”

கூட நிற்கிறேன் என்றான் பாருங்கள். நான் பன்றிகளைக் கொன்ற நாட்களில் ஒருநாள்கூட வந்து நின்றதில்லை.

குழியைக் கலக்கும்போது கிளம்பும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவனும் திரும்ப மாட்டான். பன்றி வளர்க்கிற வீட்டில் விவரம் தெரியும் முன்பே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மண்வெட்டியால் அவன் பிடரியில் அடித்தேன். விழுந்தவன் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் விடும்வரை விரல்களில் அடித்தேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் சாந்தமாகத்தான் பதில் சொன்னேன். பம்ப் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ.

மார்லினைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஜோலீன் செத்ததையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவள் நகரத்தில் வளர்ந்தவள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. கீழே இறங்கு என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், “மார்லின் குழிக்குள்ள விழுந்துட்டான், இன்னும் மூச்சு இருக்கு” என்றேன், அவ்வளவுதான். ஓடி வந்தாள். ஏணியை அவளே தூக்கிவந்து குழிக்குள் இறக்கினாள், பாவம். அவள் இறங்கும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். அவன் மூச்சு நின்று வெகுநேரம் ஆகிவிட்டதென்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டியவளிடம் எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும்?