பதினொரு நாள் ஊசி

நான் ஊசி குத்தினால் நோகாது என்று மாம்புரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சேர். அதில் மருந்து கிடையாது, மெல்லிய வெறும் ஊசி. முறுக்கிக்கொண்ட தசையில் இடம் பார்த்து இறக்கினால், அது ஒருமுறை துடித்துவிட்டுத் தளரும். நாரிப் பிடிப்போடு, இடுப்பைப் பிடித்துக் குனிந்தபடி வந்தவர்கள் நிமிர்ந்து நடந்து போவார்கள்.

என் கணவர் ஹஸ்மிக்கு இரண்டு வருடமாக நாரி நோ. ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரருக்குப் பட்டம் பிடித்து அலையில் சறுக்கும் கைட் சர்ஃபிங் பழக்கினவர். வீட்டிலேயே ஃபிசியோதெரபிஸ்ட் இருக்க, வெளியே யாரிடம் போவார்? பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து குப்புறப் படுப்பார். ஊசிகளை நான் எடுக்கும்வரை அசைய மாட்டார். என் கல்யாண வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

போன பெப்ரவரியில் அவருக்கு ஓமானிலிருந்து வேலை வந்தது. என் வாப்பாவும் அப்படித்தான் சவூதிக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். நான் பயந்தேன், மறைக்கவில்லை. போக வேண்டாம் என்றேன்.

"நாரி கொஞ்சம் சுகமானாப் போயிருவன் புள்ள" என்றார்.

அந்த வாரமே ஒரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்: "சிபானா, வுழு நிக்குதில்ல. தொழ நிக்கிறத்துக்குள்ள மூத்திரம் கசிஞ்சு முறிஞ்சு போகுது. கதிரையில குந்தினா, கீழ கதிரை இருக்கிறதே வெளங்குதில்ல."

கழுவிச் சுத்தமானது தொழுகைவரை தங்கவில்லையே என்பதுதான் அவருடைய கவலை. எனக்கு அது வேறு செய்தி. முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குகின்றன. உடனே ஒபரேஷன் செய்தால் தப்பலாம், பிந்தினால் கால் போய்விடும். நாங்கள் படித்த பாடம்தான்.

"வருத்தக்காரருக்கு மார்க்கத்தில சலுகை இருக்குங்க. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா வுழு எடுத்துத் தொழுங்க, தொழுகை கூடும்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு பதினொரு நாள் குத்தினேன். கால் மரத்தபோது, தசை தளர்கிறது, நல்லதுதான் என்றேன். அலுமாரியைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினார். "டொக்டரிட்டக் காட்டுவமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "என்னை நம்பல்லையா?" என்றேன். பிறகு கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரால் எழும்ப முடியாமல் போனபோதுதான் வாகனம் பிடித்தேன்.

எப்போது தொடங்கியது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஹஸ்மி கள்ளமில்லாத மனிதர், நாளைச் சொல்லிவிட்டார். அதனால்தான் பொலிஸிலிருந்து நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஓம் சேர், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கால் இரண்டும் அசையாமல் கிடக்கும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நேற்றுப் புரட்டிப் படுக்கவைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்ன செய்வன் புள்ள" என்று அழுதார்.

அவரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். மனம் உடைந்து போவார், பாவம். அவருக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?